செருப்பு சொன்ன சாட்சி

ஒரு கிழவி ஒன்று சொல்கிறாள். ஒரு தாள் வேறொன்று சொல்கிறது. எதை நம்புவது? இந்தக் கேள்வியோடுதான் நான் அந்த மலையில் ஏறினேன்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ளது கிரேட்டர் ஏரி. அங்கே படிக்கிற தோழர் கூட்டிப்போனார். அப்படி ஒரு நீலம், பேச்சே வரவில்லை. ஆழம் 594 மீட்டர். வந்து சேர்கிற ஆறும் இல்லை, வெளியேறுகிற ஆறும் இல்லை. மழையும் பனியும் நிரப்பிய தண்ணீர். அந்த இடத்தில் முன்பு மசாமா என்ற எரிமலை இருந்தது. சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் அது வெடித்தது. வயிற்றுக்குள் இருந்த குழம்பு வெளியே கொட்டித் தீர்ந்ததும், தாங்க எதுவுமில்லாமல் உச்சி உள்ளே இடிந்து விழுந்தது. அந்தப் பள்ளம்தான் ஏரி.

கிழக்கே நிற்கும் ஸ்காட் மலையும் பழைய எரிமலைதான். 2,721 மீட்டர். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது. உச்சியில் நின்றால் ஏரி முழுவதும் கண்ணுக்குள் அடங்குகிறது. தெற்கே கிளமத் மக்களின் பூமி.

1853இல் தங்கம் தேடிவந்த ஹில்மன் என்பவர் இந்த ஏரியைக் 'கண்டுபிடித்தார்' என்கின்றன புத்தகங்கள். யாருங்க தொலைச்சது, அவர் கண்டுபிடிக்க? கிளமத் மக்களுக்கு இது கீவாஸ், புனித இடம். கீழுலகின் லாவோவும் மேலுலகின் ஸ்கெல்லும் சண்டை போட்டார்கள், நெருப்பு கொட்டியது, மலை லாவோவின் தலைமேல் இடிந்தது, மழை வந்து நிரப்பியது: இது அவர்கள் வாய்வழி வந்த கதை. மலை உள்ளே இடிந்து விழுந்த விதத்தை ஹோவெல் வில்லியம்ஸ் என்ற புவியியலாளர் விரிவாக எழுதியது 1942இல்.

1938இல் அதே மாநிலத்தின் ஃபோர்ட் ராக் குகையில் லூதர் கிரெஸ்மன் தோண்டினார். மசாமாவின் சாம்பலுக்கு அடியில் செருப்புகள் கிடைத்தன. செடிப்பட்டையில் பின்னியவை. அவ்வளவு பழசா என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. பிறகு கதிரியக்கக் கார்பன் சோதனை 9,000 ஆண்டுகளுக்கும் மேல் என்றது. மலை வெடிப்பதற்கு முன்பே அங்கே மனிதர்கள் நடந்திருக்கிறார்கள். வெடித்ததைப் பார்த்திருக்க முடியும். யூஜின் நகரத்து அருங்காட்சியகத்தில் அந்தச் செருப்பின் முன்னால் வெகுநேரம் நின்றேன். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஊர்த்தெருவைக் கடந்த தாத்தாவின் பேரன் நான்.

அந்தச் செருப்பு கிடைக்காமல் போயிருந்தால்? கதை பொய்யாகியிருக்குமா?

ஆகியிருக்காது. கேட்கிறவர்களின் காதுதான் மூடியே இருந்திருக்கும். ஆனால் பழசு என்பதாலேயே எல்லாக் கதையையும் நம்பச் சொல்லவில்லை. நாம தலையில பொறந்தோமா கால்ல பொறந்தோமான்னு சொல்ற கதையும் பழசுதான். அதனால் எந்தக் கதையையும் சோதிக்கணும். அது யாரை உயர்த்துகிறது, யார் நிலத்தைப் பறிக்கிறது என்று கேட்கணும். என் வருத்தம், சோதனை ஒருபக்கமாகவே நடக்கிறது என்பதுதான். வாய்ச்சொல்லுக்குச் சாட்சி கேட்கிறவர்கள், தாளுக்குச் சாட்சி கேட்பதில்லை.

1864 ஒப்பந்தம் என்ற தாளில் இரண்டு கோடி ஏக்கருக்கும் மேல் கிளமத் மக்களின் கையைவிட்டுப் போனது. 1954இல் இன்னொரு தாள்: நீங்கள் ஓர் இனக்குழுவே இல்லை. 1986இல் மூன்றாவது தாள்: இனக்குழுதான். அங்கீகாரம் திரும்பியது, 1954க்குப் பின் இழந்த நிலம் திரும்பவில்லை. அந்த மக்கள் மூன்று முறையும் அதே மக்கள்தான். மாறியது தாள்.

எங்க ஆயா சாகிறவரைக்கும் கழனியைக் காட்டி, "அது நம்மளுதுடா, வெள்ளக்காரன் குடுத்தது" என்று சொல்லும். 1892க்குப் பிறகு நம் மக்களுக்குக் கொடுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தைத்தான் சொல்லியிருக்கிறது. வேறு சாதியாருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு வந்த நிலம். ஆயாவை அழைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "பட்டா வேற பேர்ல இருக்கு. கெழவி சொல்றதெல்லாம் ஆதாரமாப்பா?" என்றார் அங்கிருந்தவர். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. எம்.ஏ. படித்தவன், தலைகுனிந்து திரும்பினேன்.

மலையிறங்கும்போது பதில் வந்தது. ஆயா இல்லை. ஆனாலும் திரும்பப் போகத்தான் போகிறேன். போய்க் கேட்பேன்: அந்தப் பட்டாவில் பேர் மாறினபோது, பக்கத்தில் நின்ற கிழவிகளில் யாரையாவது கேட்டீங்களா?