மறுப்பவர் ஏற்கும் கடன்

வெட்டியபின் வளரும் ஆற்றல் கல்லீரலுக்கு உண்டு. ஒருவர் தம் கல்லீரலில் பாதிக்கு மேல் கொடுத்தாலும், எஞ்சிய பகுதி சில மாதங்களில் ஏறத்தாழப் பழைய அளவை எட்டிவிடுகிறது. ஆயினும் மதுவாலோ ஹெபடைடிஸ் கிருமியாலோ பல்லாண்டு புண்பட்டுத் தழும்பேறிய கல்லீரல் இவ்வாற்றலை இழக்கிறது. நோய் முற்றியபின் மாற்றுக் கல்லீரலே வழி, தருவோரோ சிலர். அணுக்களிலிருந்தே கல்லீரலை வளர்க்கும் முயற்சி இக்குறையிலிருந்து எழுந்தது.

1998-இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து குருத்தணுக்களைப் பிரித்து வளர்த்தார். எத்திசுவாகவும் மாறவல்லவை அவை. ஆனால் அவற்றை எடுக்கையில் கரு அழிந்தது. கருவை அழிக்கும் முறைகள், நோக்கம் நல்லதாயினும், ஏற்கத்தக்கவையல்ல என்று 2000 ஆகஸ்டில் உறுப்பு மாற்று வல்லுநர்களிடம் உரைத்தார் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல். 2006-இல் ஜப்பானின் யமனாக்கா எலியின் தோலணுக்களையே குருத்தணு நிலைக்குத் திருப்பினார். மறு ஆண்டு மனித அணுக்களிலும் அது கைகூடியது. 2013-இல் யோக்கோஹாமாவில் தாக்கெபெ குழுவினர், இவ்வகை அணுக்களோடு வேறு சிலவற்றையும் சேர்த்துக் கல்லீரல் மொட்டுகளை வளர்த்து எலிகளுக்குப் பொருத்தினர். மனிதருக்கு முழுக் கல்லீரல் தரும் நிலை இன்னும் வரவில்லை.

"திருச்சபை சொன்னதே வென்றது" என்று நம்மவர் மகிழ்வதுண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. யமனாக்கா தோற்றிருந்தால் கருவை அழிப்பது நியாயமாகியிருக்குமா? கருவும் மனித உயிர் என்பதே நம் காரணம். ஆய்வுக்கூடத்தின் வெற்றி தோல்வியால் அது கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

ஆனால் இதை நோயாளியின் கட்டிலருகே நின்று சொல்ல வேண்டும். வயிறு வீங்கி, கண் மஞ்சளித்துக் கிடக்கும் ஒரு தந்தைக்கு நம் 'கூடாது' எதைத் தருகிறது? கொள்கை நம்முடையது, காத்திருப்பு மட்டும் அவருடையதா? 1995-இல் வெளிவந்த 'வாழ்வின் நற்செய்தி' சுற்றுமடல் கருவைக் காக்கச் சொல்கிறது; உறுப்புத் தானத்தையும் அன்றாட வீரச்செயல்களுள் ஒன்றாகப் போற்றுகிறது. முன்னதை முழங்கும் நம் பங்குகளில் பின்னதைப் பற்றிய பேச்சு அரிது. உயிர்ப்பு நாளில் குறையுடலாய் எழுவோமோ என்று தயங்குவோர் இன்றும் உளர். மறைசாட்சிகளின் எலும்புத் துண்டுகளைப் பீடத்தில் வைத்து வணக்கம் செலுத்தும் நாம் இப்படி அஞ்சுவது வியப்பே!

மூளைச்சாவடைந்தவரின் கல்லீரலைத் தருவது பற்றி அவர் குடும்பம் சில மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். அழுகைக்கு நடுவே அவர்கள் முதலில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது, அவர் உயிரோடிருக்கையில் இதைப் பற்றி ஏதேனும் சொன்னாரா என்பதைத்தான்.