வலிமை யாருக்காக?

அய்யா துணை.

கம்பு சுற்றப் பழகும் பிள்ளையைப் பார்த்துப் பெரியவர்கள் சிலர் கவலைப்படுவது உண்டு. "பதிக்குப் போகிற பிள்ளைக்குச் சண்டை எதற்கு? அன்பைச் சொல்லும் வழியில் அடிதடிக்கு இடம் ஏது?" என்பார்கள். வேறு சிலரோ, "வலிமை இல்லாதவனை உலகம் மிதித்துவிடும், பிள்ளை படிக்கட்டும்" என்பார்கள். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆயுதம் பிடித்த கை இறைவனைக் கும்பிடத் தகுமா என்பது பழைய கேள்வி. அகிலத்தில் பேசப்படும் திருவரங்கத்திலேயே அதற்கு விடை தேடலாம்.

ஸ்ரீரங்கத்தில் பள்ளிகொண்டிருக்கும் பெரிய பெருமாளுக்கு இரண்டே திருக்கரங்கள். அவற்றில் சங்கும் இல்லை, சக்கரமும் இல்லை. அதே கோயிலில் சக்கரத்தாழ்வாருக்குத் தனிச் சன்னதி உண்டு. ஆயுதமே அங்கே தெய்வமாக நின்று பூசை பெறுகிறது. சேஷராயர் மண்டபத் தூண்களிலோ, குதிரை ஏறிய வீரர்கள் பாய்ந்து வரும் விலங்குகளை ஈட்டியால் தடுத்து நிற்கிறார்கள். ஆகவே பெரியோர்கள் வீரத்தைக் கோயிலுக்கு வெளியே நிறுத்திவிடவில்லை. உள்ளே அழைத்து, இறைவனுக்கு அடங்கிய ஓர் இடத்தைக் கொடுத்தார்கள்.

அப்படி அடங்கிய ஒரு வீரர்தான் திருமங்கை ஆழ்வார். சோழனிடம் படைத்தலைவராக இருந்து, ஆலிநாட்டை ஆண்டவர். அடியார்களுக்கு அன்னமிடக் கைப்பொருள் தீர்ந்ததும் வழிப்பறியில் இறங்கினார் என்று அவர் வரலாறு சொல்கிறது. பசித்தவனுக்குச் சோறு போடுவது தருமம். அதற்காக வழியில் போகிறவனை வாளைக் காட்டி மிரட்டலாமா? மணமகனாக வந்த பெருமாளையே அவர் மறித்தார். பறித்த மூட்டையைத் தூக்க முடியவில்லை. மந்திரம் போட்டாயோ என்று அதட்ட, எட்டெழுத்து மந்திரம் அவர் காதில் விழுந்தது. வாளால் யாருக்கும் பணியாதவர் அந்தச் சொல்லுக்குப் பணிந்தார்.

வைகுண்ட ஏகாதசி இராப்பத்தின் எட்டாம் நாளில் ஸ்ரீரங்கத்து மணல்வெளியில் நம்பெருமாள் குதிரை வாகனத்தில் வர, இந்த வேடுபறி இன்றும் நடக்கிறது. களவை மறைக்காமல் ஆண்டுதோறும் எல்லோர் முன்பும் காட்டுகிறார்களே, ஏன்? நல்ல நோக்கம் மட்டும் போதாது, அதற்கான வழியும் நல்லதாக வேண்டும் என்று கற்பிக்கத்தான் என்று கொள்ளலாம். அவரே பின்னர் அரங்கனுக்கு மதில் கட்டினார். ஆலிநாடன் திருவீதி என்ற பெயர் அதற்குச் சான்றாக நிற்கிறது. வழிப்போக்கரை மறித்த கை, மதில் கட்டிக் காக்கும் கையாக மாறியது. வலிமை குறையவில்லை, அது யாருக்கு உழைத்தது என்பதுதான் மாறியது.

காவிரிக்குத் தென்கரையில், திருச்சிராப்பள்ளி உறையூரில் வெக்காளி அம்மன் இருக்கிறாள். சோழர்கள் போருக்குப் போகும் முன் வணங்கிய தெய்வம் என்பது வழக்கு. அவள் கருவறைக்குக் கூரை கிடையாது. மண்மாரி பெய்து ஊர் அழிந்து மக்கள் வீடிழந்தபோது, எல்லோருக்கும் வீடு கிடைக்கும்வரை தனக்கும் கூரை வேண்டாம் என்று அவள் வெயிலிலும் மழையிலும் நிற்பதாகச் சொல்வார்கள். போர்த் தெய்வத்தின் வீரம் அங்கே வெட்டுவதில் தெரியவில்லை. எளியவர் படும் பாட்டைத் தானும் படுவதில் தெரிகிறது.

நம் தென்பகுதி வர்ம ஆசான்களும் இதையே வேறு விதமாகக் கற்பித்தார்கள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 வர்மங்கள் என்பது அவர்கள் கணக்கு. மாணவனின் குணத்தைப் பல காலம் பார்க்காமல் அடிமுறையைச் சொல்லித்தர மாட்டார்கள். சொல்லித்தந்தால் அடிபட்டவனை எழுப்பும் இளக்குமுறையையும் சேர்த்தே சொல்லித்தருவார்கள். காயப்படுத்தத் தெரிந்தவன் ஆற்றவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அந்தக் கலையின் தருமம்.

இனி அய்யாவின் வழியைப் பார்ப்போம். மாயோன் பண்டாரமாகக் கலியன் முன் வந்த கதை அன்புக்கொடி மக்கள் அறிந்ததே. படையும் ஆயுதமும் இல்லாத பண்டாரத்தோடு போரிடுவது தனக்கு இழுக்கு என்று கலியனே ஒதுங்கினான். பண்டாரங்களை இடறு செய்வதில்லை என்றும் வாக்குக் கொடுத்தான். ஆயுதம் இல்லாமையே அங்கே ஆயுதமாயிற்று. அய்யா வைகுண்டரைத் திருவிதாங்கூர் மன்னனின் ஆட்கள் பிடிக்க வந்தபோது, எதிர்த்து நிற்கத் துணிந்த மக்களை அய்யா பொறுத்திருக்கச் சொன்னார். சிங்காரத்தோப்புச் சிறையையும் தாமே ஏற்றார்.

அது பயந்தவரின் பொறுமை அல்ல. குனிந்து நடக்கும்படி வைக்கப்பட்டிருந்த மக்களைத் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் சொன்னவரும் அவரே. அடிக்க முடியாததால் அடிக்காமல் இருப்பது வேறு, அடிக்க முடிந்தும் தருமத்துக்காகப் பொறுப்பது வேறு. முதலாவது இயலாமை, இரண்டாவதே தவம். அந்தத் தவத்துக்கு உடலில் உரமும் மனதில் அடக்கமும் சேர்ந்தே வேண்டும்.

ஆகவே பிள்ளைகள் சிலம்பமும் வர்மமும் பழகட்டும். உடல் உறுதிப்படும், அச்சம் போகும். ஆனால் அந்த வலிமை பழி தீர்க்கவும், சாதிப் பெருமை பேசவும், வீட்டுக்குள் பெண்ணை அடக்கவும் போனால் அதுவே கலி. தாழ்ந்து கிடப்பவருக்குத் துணையாக நின்றால் அதுவே தருமம்.

பதியில் பள்ளியறைக் கண்ணாடி முன் தலைப்பாகையோடு நிற்கிறவனுக்கு எதிரே தெரிவது அவன் முகம்தான். எதிரி வெளியே இருப்பதாக எண்ணுகிறவன் அங்கே தன் கோபத்தை முதலில் பார்க்கட்டும். அதை வென்ற கையில் கம்பு இருந்தாலும் குற்றமில்லை.

அய்யா உண்டு.