கிரீஸ் கன்னைக் கையில் எடு!

"எனக்கு அதெல்லாம் வராது." இந்த மூன்று சொற்கள் எத்தனை பேருடைய கைகளைக் கட்டிப் போட்டிருக்கின்றன! குழாயில் வாஷர் போயிற்றா, ஆளைக் கூப்பிடு. வண்டியில் சத்தம் வருகிறதா, ஆளைக் கூப்பிடு. ஒருமுறையாவது தொட்டுப் பார்த்தாயா? இல்லை. தொடாமலேயே உனக்கு எதிராக நீயே தீர்ப்பு எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டாய். அந்தத் தீர்ப்பைக் கிழித்துப் போடு!

எங்கே தொடங்குவது என்று கேட்காதே. வாசலில் பழைய வண்டி ஏதாவது நிற்கிறதா? அதன் முன்சக்கரத்துக்குப் பின்னால் தொடங்கு. பல வண்டிகளில் அங்கேதான் பால் ஜாயிண்ட் இருக்கிறது. நம் தோள்மூட்டைப் போல, கிண்ணத்துக்குள் ஓர் உருண்டை. பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்குவதும், ஸ்டியரிங்குக்குக் கட்டுப்பட்டுத் திரும்புவதும் அந்த உருண்டை வழுக்கிச் சுழல்வதால்தான். கிரீஸ் காய்ந்தால் உள்ளே உரசல். மழைத்தண்ணீரும் மணலும் புகுந்தால் தேய்மானம் இன்னும் வேகம். அடியோடு தேய்ந்தால் உருண்டை கிண்ணத்தை விட்டுக் கழன்று, ஓடுகிற வண்டியில் சக்கரமே சாய்ந்துவிடும். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கு இது தெரியாமல் இருக்கலாமா?

அதற்குக் கிரீஸ் அடிக்க, முதலில் சமதரையில் வண்டியை நிறுத்து. கைப்பிரேக் போடு. பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வை. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்ட் கொடு. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் தலையை நீட்டுவது தைரியம் அல்ல, மடத்தனம். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்தால் கை நுழைய இடம் கிடைக்கும். ஜாயிண்டில் சேறு பூசிக் கிடக்கிற சின்ன முனைதான் நிப்பிள், கிரீஸ் உள்ளே போகிற வழி. துணியால் பளிச்சென்று துடை. துடைக்காமல் அடித்தால் மணலை நீயே உள்ளே ஏற்றுகிறாய்.

வியன்னாவில் பிறந்த ஆஸ்கர் ஸெர்க் 1929-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முனை இது. உள்ளே சின்னக் குண்டு ஒன்று, கிரீஸை உள்ளே விடும், வெளியே விடாது. அவ்வளவு எளிமை! யார் கைக்கும் வசப்படும் சாமான் இது.

என்.எல்.ஜி.ஐ. 2 தர லித்தியம் கிரீஸ் பெரும்பாலான வண்டிக்குப் போதும். வண்டிக் கையேடு வேறு சொன்னால் அதையே கேள். கன்னின் வாயை நிப்பிளில் நேராக வைத்து அழுத்தினால் 'டிக்' என்று கவ்வும். ஜாயிண்டை மூடியிருக்கிற ரப்பர் உறைதான் பூட். ஒரு கையால் அதைத் தொட்டுக்கொண்டே மெதுவாக அடி. சுருங்கிக் கிடந்த பூட் விரலுக்கடியில் லேசாக உப்பும். அப்போதே நிறுத்து! கையால் அடிக்கிற கன் பல ஆயிரம் பி.எஸ்.ஐ. அழுத்தம் கொடுக்க வல்லது. கார் டயரில் இருப்பதே முப்பது சொச்சம்தான். ஆசைக்கு இன்னும் நாலு அடி அடித்தால் பூட் கிழிந்துவிடும். கிரீஸ் உள்ளே போகாமல் நிப்பிளைச் சுற்றிப் பிதுங்குகிறதா? கலங்காதே. நிப்பிள் அடைத்திருக்கும், கழற்றிவிட்டுப் புதிது போடு.

புதிய கார்கள் பலவற்றில் நிப்பிளே இருக்காது. ஆலையிலேயே கிரீஸ் வைத்து மூடிவிடுகிறார்கள். டார்ச் அடித்துப் பூட் கிழிந்திருக்கிறதா என்று பார், போதும்.

வண்டியை இறக்குமுன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார். 'டொக்' என்று ஆடினால் ஜாயிண்டோ வீல் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. கிரீஸால் தேய்ந்ததைச் சரிசெய்ய முடியாது. மெக்கானிக்கிடம் போ, தலைநிமிர்ந்து போ! "ஏதோ சத்தம் வருதுண்ணே" என்று நிற்காதே. "இடது முன்சக்கரத்துல ஆட்டம் இருக்குண்ணே, பால் ஜாயிண்டா பேரிங்கான்னு பாருங்க" என்று சொல். அவர் உன்னைப் பார்க்கிற பார்வையே மாறும். அவரும் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்துக் கற்றவர்தான்.

கோவை ஜி.டி. நாயுடுவைப் பள்ளிக்கூடத்தால் பிடித்து வைக்க முடியவில்லை. ஆசைப்பட்ட மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பூட்டித்தான் இயந்திரம் கற்றார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கினார். கோவையில் மின்மோட்டார் தயாரிப்புக்கு வித்திட்டவர்களில் ஒருவரானார். "எனக்கு வராது" என்று அவர் அன்று ஒதுங்கியிருந்தால்?

கைகளில் கரி படிவது கேவலம் என்று யாரோ உன் காதில் ஓதியிருக்கிறார்கள். நம்பாதே! சோப்பு போட்டால் கரி போய்விடும், கற்றது போகாது.

கிரீஸ் கன் எந்த ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் கிடைக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமையே வாங்கு. முதல் நிப்பிளை நீ அடி. தங்கையையும் பக்கத்தில் கூப்பிடு, அடுத்ததை அவள் அடிக்கட்டும்.