‘சார் இல்லையா மேடம்?’

புது வீட்டுத் தரையில் ஒரு டைல்ஸ் கீறிவிட்டால் அது யார் பொறுப்பு என்பதற்குச் சட்டத்தில் தெளிவான பதில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் வேலையிலோ தரத்திலோ குறை இருப்பதாக வாங்கியவர் தெரிவித்தால், கட்டி விற்றவர் 30 நாட்களுக்குள் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். வாங்கியவர் ஆணா பெண்ணா என்று சட்டம் கேட்பதில்லை. கேட்பவர்கள் வேறு.

எங்கள் அடுக்குமாடி வீட்டுப் பத்திரத்தில் என் பெயர்தான் முதலில் இருக்கிறது. கடன் தவணையில் பாதி என் சம்பளத்திலிருந்து போகிறது. குடிவந்த நான்காம் மாதம் சமையலறை வாசலில் ஒரு டைல்ஸில் முடியளவு கீறல் ஓடியது. போன் செய்தேன். “சார் இல்லையா மேடம்?” என்றார் கட்டிய நிறுவனத்தின் சைட் இன்ஜினியர். பிறகு, “அம்மிக்கல்லு மாதிரி ஏதாவது கனமா கீழ போட்டிருப்பீங்க.” எங்கள் வீட்டில் அம்மி கிடையாது. சொன்னேன், சிரித்தார். மாலையில் என் கணவர் பேசியதும், அடுத்த வாரம் வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். அதுவரை என் கணவர் அந்தக் கீறலைப் பார்த்திருக்கவே இல்லை.

மிராண்டா ஃப்ரிக்கர் என்ற பிரிட்டிஷ் தத்துவவாதி 2007இல் வெளிவந்த நூலில் இதைச் சாட்சிய அநீதி என்கிறார். சொல்பவர் யார் என்று பார்த்து, அவர் சொல்லுக்கு உரிய நம்பிக்கையைக் கேட்பவர் குறைத்துக்கொடுப்பது. மனம் புண்பட்டது என்பதோடு முடிகிற விஷயமில்லை இது. ஒன்றை அறிந்தவள் என்கிற தகுதியே அங்கே மறுக்கப்படுகிறது.

ஆனால் கீறலை முதலில் அறிந்தவள் நானும் இல்லை. வீட்டு வேலைக்கு வரும் அக்காதான். “துணி மாட்டுது பாரும்மா” என்றவர், விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். பக்கத்து டைல்ஸ் கெட்டியாக ஒலித்தது. இது ‘டொப்’ என்றது. அடியில் கலவையை முழுக்கப் பரப்பாமல் அங்கங்கே உருண்டையாக வைத்து ஒட்டினால் நடுவில் காலி இடம் நிற்கும். மேலே ஆள் நடக்க நடக்க, தாங்க ஒன்றும் இல்லாத இடத்தில் டைல்ஸ் விரியும். கனமான பொருள் விழுந்திருந்தால் விழுந்த இடத்தில் சில்லு பெயர்ந்திருக்கும். இங்கே சில்லே இல்லை. வருடக்கணக்காகப் பல வீட்டுத் தரைகளைக் குனிந்து துடைத்த கைக்கு இது தெரிந்திருந்தது. என் சொல் எடுபட என் கணவர் தேவைப்பட்டார். அவர் சொல் எடுபட நான் தேவைப்பட்டேன். நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தில், வீட்டைத் துடைப்பவர் தட்டிப் பார்த்துக் கண்டறிந்தது என்றே குறிப்பிட்டேன்.

அந்தக் கடிதத்தை அனுப்ப இரண்டு நாள் ஆனது. “மிதியடியப் போட்டு மூடிடு” என்ற அம்மாவால் அல்ல. அந்த அறிவுரை எனக்குப் பழகியது. தடுத்தது தோழி கேட்டது: “டைல்ஸ் போட்ட பையனோட கூலியிலதானே பிடிப்பாங்க?”

நியாயமான கேள்வி. டைல்ஸ் போடுபவருக்குப் பெரும்பாலும் சதுர அடிக் கணக்கில்தான் கூலி. நிதானமாக, நிறையக் கலவை போட்டு ஒட்டினால் அவருக்கு அன்றைய வரும்படி குறையும். அந்த அவசரத்தை உண்டாக்கியவர் அவர் அல்ல. ஆனால் நான் பேசாமலிருந்தால் அவருக்கு ஒரு ரூபாய் கூடப் போவதில்லை. மிச்சம் முழுவதும் கட்டி விற்றவருக்கு. பெண்களிடம் எப்போதும் எதிர்பார்க்கப்படும் இரக்கம் இப்படித்தான் பல நேரம் வலியவன் கணக்கில் வரவாகிறது. ஆகவே கடிதத்தில் இரண்டு வரி சேர்த்தேன்: செலவு சட்டப்படி உங்களுடையது, தொழிலாளி கூலியில் பிடிக்கக் கூடாது, வீடு முழுவதையும் தட்டிப் பார்க்க வேண்டும். முதல் வரியை அவர்கள் மதித்தார்களா என்று கண்காணிக்கும் வலு எனக்கு இல்லை. எழுத்தில் இருக்கட்டும் என்று எழுதினேன்.

தட்டியதில் இன்னும் ஏழு டைல்ஸ் ‘டொப்’ என்றன. மாற்ற ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் வந்தார்கள். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்ற சட்டம் 1976இலேயே வந்தது. ஒரே வேலையைக் கொடுக்காமல் விட்டால் அந்தச் சட்டம் கிட்டவே வராது. கலவை குழைத்துக்கொண்டிருந்த சித்தாளிடம், டைல்ஸ் ஒட்டத் தெரியுமா என்று கேட்டேன்.

“பதினஞ்சு வருசமா பாத்துட்டிருக்கேன், தெரியாதா? கரண்டியக் குடுக்கணுமே” என்றார். கொத்தனார் நிமிரவில்லை. உடைத்தெடுத்த துண்டுகளைச் சாக்கில் கட்டி நான்கு மாடி இறக்கியதும் அவர்தான்.