ஒரு வாக்கும் 309 வாக்கும்

1839 நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநில ஆளுநர் தேர்தலில் விழுந்த வாக்குகள் 1,02,066. பாதிக்கு மேல் பெற்றவரே ஆளுநர் என்பது அம்மாநிலத்தின் அன்றைய விதி. ஜனநாயகக் கட்சியின் மார்கஸ் மார்ட்டன் பெற்றவை 51,034. பாதிக்கு மேல் சரியாக ஒன்று. அவருக்கு வாக்களித்தவர்களில் ஒருவர் வேறு பெயருள்ள சீட்டைப் போட்டிருந்தால் முடிவு சட்டமன்றத்துக்குப் போயிருக்கும். சட்டமன்றமோ விக் கட்சியின் கையில். பதவியில் இருந்து தோற்ற எட்வர்ட் எவரெட் அந்தக் கட்சிக்காரர்.

முடிவை எதிர்த்துப் போராடச் சொன்னது கட்சி. எவரெட் மறுத்துவிட்டார்.

அது சரிதானா? பெருந்தன்மையோடு எடுத்துக் கொடுக்க, பதவி அவர் வீட்டுச் சொத்தல்ல. 50,725 பேர் அவரை நம்பி வாக்களித்தார்கள். எண்ணிக்கையும் பிசகக்கூடியதுதான். ஊர்க்கூட்டத்தில் சீட்டுகளைப் பிரித்து எண்ணுவார்கள். ஊர் எழுத்தர் கையால் பட்டியல் எழுதுவார். அது முத்திரையிட்ட உறையில் பாஸ்டனுக்குப் போகும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலே வழக்குக்கு இடம் உண்டு. ஐயம் இருந்தால் கேட்டே ஆகவேண்டும் என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆனால் 'ஒரு வாக்கு' என்ற பேச்சு பெரிய உண்மை ஒன்றை மறைக்கிறது. பிறருக்குச் சிதறியவை 307 போக, மார்ட்டன் எவரெட்டைவிட 309 வாக்கு கூடுதலாகப் பெற்றிருந்தார். அந்த ஒரு வாக்கு அவருக்கும் விதி கேட்ட அளவுக்கும் நடுவே இருந்தது. இருவருக்கும் நடுவே அல்ல. எவரெட் அதைத் தட்டிப் பறித்திருந்தால், தன்னைவிட அதிகம் பேர் விரும்பியவரை ஒதுக்கி, தன் கட்சியார் கையால் நாற்காலி வாங்கியிருப்பார். சட்டம் அதற்கு இடம் தந்தது. நியாயம் தரவில்லை என்றே சொல்லவேண்டும்.

மக்களின் கோபத்துக்கும் காரணம் இருந்தது. 1838இல் எவரெட் ஒப்பமிட்ட சட்டம் 15 காலனுக்குக் குறைவாகச் சாராயம் விற்பதைத் தடுத்தது. பீப்பாயாக வாங்க வசதியுள்ளவனுக்குக் குறையில்லை. ஒரு கோப்பை வாங்கும் கூலிக்காரனுக்குத்தான் கதவடைப்பு. அவனுடைய பதில் வாக்குப் பெட்டியில் விழுந்திருந்தது. அந்தப் பதிலை எழுத்துப் பிழை தேடி அழிப்பது எவருக்கும் அழகல்ல.

1840 ஜனவரியில் மார்ட்டன் பதவியேற்றார். சாராயச் சட்டம் அந்த ஆண்டே நீக்கப்பட்டது. ஆளுநர் தேர்தல் அங்கே அப்போது ஆண்டுதோறும் நடந்தது. அடுத்த நவம்பரில் வாக்காளர்கள் மார்ட்டனைத் தோற்கடித்து, விக் கட்சியின் ஜான் டேவிஸை அமர்த்தினார்கள்.