கையெழுத்துப் போடுவதற்கு முன்

தெருவில் பெரிய பிள்ளைகள் ஆடும்போது அடம்பிடித்துக் கூடவே வரும் குட்டித் தம்பியை ‘ஒப்புக்குச் சப்பாணி’யாகச் சேர்த்துக்கொள்வது நம் ஊர் வழக்கம். அவன் ஓடலாம், ஒளியலாம். அவுட் ஆனாலும் கணக்கில்லை, ஜெயித்தாலும் கணக்கில்லை. பாசத்தோடு செய்கிற காரியம்தான். ஆனால் நான்கு நாளில் அந்தத் தம்பிக்கே தெரிந்துவிடும், தான் ஆட்டத்தில் இல்லையென்று. இந்தச் சிக்கலுக்கு அமெச்சூர் கோல்ஃப் வேறொரு வழி கண்டுபிடித்தது. பலம் குறைந்தவரைக் கணக்கிலிருந்து விலக்காமல், அவருடைய குறையையே அளந்து கணக்குக்குள் கொண்டுவந்தது. அந்த அளவுதான் ஹேண்டிகேப்.

ஹேண்டிகேப் 6 உள்ளவர் பதினெட்டுக் குழிகளையும் 80 ஸ்ட்ரோக்கில் முடிக்கிறார். ஹேண்டிகேப் 20 உள்ளவருக்கு 94 ஆகிறது. ஹேண்டிகேப்பைக் கழித்துப் பார்த்தால் இருவருக்கும் 74. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியும் தோள் வலுவுள்ள கல்லூரி மாணவனும் ஒரே காலையில், ஒரே புல்வெளியில், கடைசிக் குழி வரை யார் ஜெயிப்பார்கள் என்று தெரியாமல் ஆட முடிகிறது. இருபது வருடமாக இந்த ஆட்டத்தை ஆடியும் பார்த்தும் வருகிற எனக்கு, இதில் மிக அழகானது எது என்று கேட்டால் நீளமான டிரைவையோ வளைந்து குழியில் விழும் ‘பட்’டையோ சொல்ல மாட்டேன். இந்தக் கழித்தலைத்தான் சொல்வேன். அதனால்தான் அதைச் சிலர் பாழாக்கும்போது எனக்கு இவ்வளவு கோபம் வருகிறது.

குதிரைப் பந்தயத்திலும் ஹேண்டிகேப் உண்டு. கோல்ஃபுக்கு முன்பே உண்டு. சென்னையில் கிண்டி பந்தயத் திடலுக்கு உள்ளேயே நெடுங்காலம் கோல்ஃப் ஆடினார்கள். வெளி வட்டத்தில் குதிரை, உள்ளே பந்து. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்துப் பாருங்கள். குதிரை எவ்வளவு எடை சுமந்து ஓட வேண்டும் என்று முடிவு செய்ய அதற்கென ஓர் அதிகாரி இருக்கிறார். அடுத்த பந்தயத்தில் எடை குறையட்டும் என்று ஜாக்கி கடிவாளத்தை இழுத்துப் பிடித்தால், ஸ்டுவர்டுகள் படத்தைப் போட்டுப் பார்த்து விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். கோல்ஃபில் ஒவ்வோர் ஆட்டத்தையும் அப்படிக் கண்காணிப்பவர் யாரும் இல்லை. தன் ஸ்ட்ரோக்கைத் தானே எண்ணி, கார்டைத் தானே பதிவு செய்து, தன் பலவீனம் இவ்வளவு என்று ஆட்டக்காரர்தான் சொல்கிறார். குதிரையே தன் எடையைச் சொல்வது போன்ற ஏற்பாடு இது.

இன்று உலகெங்கும் நடப்பது 2020-இல் அமலுக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறை. அமெரிக்காவின் யு.எஸ்.ஜி.ஏ.வும் பிரிட்டனின் ஆர் அண்ட் ஏ-யும் சேர்ந்து, அதுவரை வழக்கிலிருந்த ஆறு வெவ்வேறு முறைகளை ஒன்றாக்கின. மைதானத்தின் கடினத்தை அளக்க ‘ஸ்லோப்’ என்று ஓர் எண் வைத்திருக்கிறார்கள். 55 முதல் 155 வரை போகும், நடுத்தரமான மைதானத்துக்கு 113. இதனால் ஊட்டியில் சம்பாதித்த ஹேண்டிகேப்பைக் கொழும்பிலும் ஸ்காட்லாந்திலும் அந்தந்த மைதானத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டு ஆடலாம். கடைசி 20 ஆட்டங்களின் கார்டுகளை எடுத்து, மைதானத்தின் கடினத்துக்கு ஏற்பச் சரிசெய்து, அவற்றில் மிகச் சிறந்த 8-இன் சராசரியைக் கணக்கிடுகிறார்கள்.

அந்த ‘சிறந்த எட்டு’தான் பலருடைய மனத்தில் ஏறுவதே இல்லை. இருபதுக்குமான சராசரி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆட்டக்காரர் வழக்கமாக என்ன அடிக்கிறார் என்று இந்த எண் சொல்வதில்லை. நன்றாக ஆடினால் எதுவரை போகக்கூடியவர் என்று சொல்கிறது. எனவே நேர்மையாகக் கார்டு போடுகிற எவரும் பெரும்பாலான நாட்களில் தன் ஹேண்டிகேப்பைவிட மோசமாகத்தான் ஆடுவார். இரண்டு, மூன்று, நான்கு ஸ்ட்ரோக் கூடத்தான் ஆகும். அது தோல்வி இல்லை, கணக்கின் இயல்பு. இது புரியாதவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் வருத்தத்தோடு வீடு திரும்புகிறார். ‘எனக்கு 18 கொடுத்திருக்கிறார்கள், நான் அடிப்பதோ எப்போதும் 22. எனக்குச் சேர வேண்டிய நாலு எங்கே?’ என்று கேட்கத் தொடங்குகிறார். நான் பார்த்தவரையில் ஏமாற்று வேலை பேராசையில் தொடங்குவதைவிட இந்த மனக்குறையில் தொடங்குவதுதான் அதிகம். தனக்கு அநியாயம் நடந்திருப்பதாக நம்புகிறவர், அதைச் சரிக்கட்டத் தனக்கு உரிமை இருப்பதாகவும் நம்பிவிடுகிறார்.

ஒரு பொது அளவு கிடைக்க எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பதும் இப்படிக் குறைப்படுகிறவர்களுக்குத் தெரிய வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டனில் ஒவ்வொரு கிளப்பும் தன் விருப்பத்துக்கு ஹேண்டிகேப் கொடுத்தது. ஓர் ஊரின் பத்து இன்னோர் ஊரில் செல்லாது. அதை நாடு முழுமைக்கும் ஒழுங்குபடுத்திய முதல் அமைப்பு பெண்களுடையது. 1893-இல் தொடங்கிய லேடீஸ் கோல்ஃப் யூனியனின் செயலாளர் இஸெட் பியர்சன், எந்த கிளப்பைச் சேர்ந்தவரானாலும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். ஆண்களின் கிளப்புகள் அதற்குப் பின்தங்கியே வந்தன. பின்னர் அமெரிக்காவில் லெய்டன் கால்கின்ஸ் முன்வைத்த முறையும் சிறந்த மூன்று ஸ்கோர்களின் சராசரியைத்தான் எடுத்துக்கொண்டது. சிறந்ததை வைத்து அளப்பது இன்றைய கம்ப்யூட்டரின் சூழ்ச்சி இல்லை. நூறாண்டுக்கு மேலான யோசனை. ஒருவர் எப்படிச் சொதப்பினார் என்பதை எளிதில் நடித்துவிடலாம், எப்படி நன்றாக ஆடினார் என்பதை நடிக்க முடியாது என்று அந்தக் காலத்திலேயே அறிந்திருந்தார்கள்.

பொய் இரண்டு பக்கமும் உண்டு. ‘சிங்கிள் ஹேண்டிகேப்பர்’ என்ற பட்டத்துக்கு நம் நாட்டு கிளப்புகளில் தனி மரியாதை. ஹேண்டிகேப் ஒற்றை இலக்கத்தில் இருந்தால் மதிய உணவு மேசையில் பேச்சே வேறு. அந்த மரியாதைக்காக நல்ல கார்டுகளை மட்டும் பதிவு செய்து, மோசமானவற்றைக் காரின் டாஷ்போர்டிலேயே விட்டுவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். போட்டிக்கு வந்தால் அவர்கள் தோற்கிறார்கள். ஜோடியாக ஆடும்போது கூட்டாளியையும் சேர்த்துத் தோற்கடிக்கிறார்கள் என்பதைத் தவிர அதில் பிறருக்குப் பெரிய நஷ்டமில்லை.

இன்னொரு வகையினர் தங்கள் திறமையை ஒளிக்கிறார்கள். சாண்ட்பேகர் என்பார்கள். உண்மையில் 12 ஆடக்கூடியவர் 20 வைத்துக்கொண்டு போட்டிக்கு வருகிறார். 1995-இல் கலிஃபோர்னியாவின் பெபிள் பீச்சில், தொழில்முறை ஆட்டக்காரரும் அமெச்சூரும் ஜோடி சேரும் புகழ்பெற்ற போட்டியில் வென்ற ஒரு ஜோடியின் வெற்றி, பல மாதம் கழித்து ரத்து செய்யப்பட்டது. அதில் ஆடிய ஜப்பானியத் தொழிலதிபர் 15 என்று சொல்லியிருந்தார். அவருடைய உண்மையான ஹேண்டிகேப் அதைவிட மிகக் குறைவு என்று பிறகு தெரியவந்தது. நம் கிளப்புகளில் பரிசு ஒரு டிராவல் பேக், ஒரு டின்னர் செட். பணத்துக்கு யாரும் இதைச் செய்வதில்லை. ஆனால் அந்த டின்னர் செட் யாருக்குப் போயிருக்க வேண்டும் என்று யோசிக்கிறேன். ஹேண்டிகேப் 28-ஐ நேர்மையாக வைத்துக்கொண்டு, வெயிலில் பதினெட்டுக் குழியும் நடந்து, வாழ்நாளின் சிறந்த ஆட்டத்தை அன்று ஆடிய ஒரு பெரியவருக்கு. அவர் இரண்டாம் இடம் வருகிறார். கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார். தன்னிடமிருந்து ஏதோ பறிபோனது என்றுகூட அவருக்குத் தெரியாது. பலவீனமானவருக்காக ஏற்பட்ட சலுகையைப் பலவீனமானவரிடமிருந்தே பறிப்பது இது. பொய்களில் இதை நான் மன்னிக்க மாட்டேன்.

இதைப் பிடிப்பதுதான் கடினம். ஆட்டக்காரரின் கடமைகளை விதிகள் தெளிவாகச் சொல்கின்றன: ஒவ்வொரு குழியிலும் தன்னால் முடிந்த சிறந்த ஸ்கோருக்கு முயல வேண்டும், ஆடியதைச் சீக்கிரமே பதிவு செய்ய வேண்டும், உடன் ஆடியவரின் ஸ்கோரைச் சரிபார்த்துச் சான்று தர வேண்டும். பதிவு செய்தாரா என்று பார்த்துவிடலாம். முயன்றாரா என்று எப்படிப் பார்ப்பது? நாலு அடி தூரத்தில் ஒரு பட். பந்து குழியின் விளிம்பைத் தொட்டு வெளியே போகிறது. கை நடுங்கிப் போனதா, வேண்டுமென்றே போனதா? இரண்டும் ஒரே மாதிரிதான் உருளும். நட்பாட்டத்தில் ‘எடுத்துக்கோங்க சார்’ என்று எதிராளி விட்டுக்கொடுத்த பட்டுக்கு ஸ்கோர் எழுதவும் விதி உண்டு. ஐந்து அடிக்குள் இருந்தால் ஒன்று சேர்க்க வேண்டும். அதற்கு மேல் இருபது கஜம் வரை, நிலைமையைப் பார்த்து இரண்டோ மூன்றோ. ஆடாத ஸ்ட்ரோக்கை மனசாட்சிப்படி எழுதச் சொல்லும் விதி அது. எழுதியவர்கள் மனிதர்மேல் எவ்வளவு நம்பிக்கை வைத்திருக்க வேண்டும்!

நம்பிக்கையோடு கொஞ்சம் கணிதமும் வைத்திருக்கிறார்கள். தன் ஹேண்டிகேப்பைவிட 7 ஸ்ட்ரோக் குறைவாக ஒருவர் ஆடிவிட்டால் அவருடைய எண் தானாகவே ஒன்று குறையும். 10 குறைவென்றால் இரண்டு. கடந்த ஓராண்டில் தொட்ட மிகக் குறைந்த எண்ணைவிட 5-க்கு மேல் ஏறவும் முடியாது. பெரிய தனிநபர் போட்டிகளில் 95 சதவீதம் மட்டும் கொடுக்கப் பரிந்துரைக்கிறார்கள். ஹேண்டிகேப் கூடியவர்களின் ஆட்டம் ஏற்றமும் இறக்கமுமாக இருக்கும், நூறு பேரில் யாரோ ஒருவருக்கு அன்று எல்லாம் கூடிவந்துவிடும் என்பதால் அந்தக் குறைப்பு.

அந்த ‘யாரோ ஒருவர்’ பக்கமும் நியாயம் பேச வேண்டும். என்னோடு ஆடும் ஒரு நண்பர், முழங்கால் சிகிச்சைக்குப் பிறகு மெல்ல மெல்லத் தேறி, ஒரு சனிக்கிழமை எல்லாரையும் தோற்கடித்தார். பரிசு வாங்க எழுந்தபோது பின் வரிசையிலிருந்து ஒரு குரல், ‘இவ்வளவு நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?’ என்றது. எல்லாரும் சிரித்தார்கள். அவர் ஒவ்வொரு கார்டையும் போட்டவர் என்பது கூட ஆடிய எங்களுக்குத் தெரியும். அதன் பிறகு வெகுநாள் அவர் போட்டிகளுக்குப் பெயர் கொடுக்கவில்லை. நாலு பேர் ஏமாற்றுவதால் நாற்பது பேர்மேல் சந்தேகம் விழுகிறது. நல்ல நாள் ஒன்று அமைந்துவிட்டால் வெட்கப்பட வேண்டியதாகிவிடுகிறது. பரிசு கைமாறுவதைவிட இந்தச் சேதம் பெரிது என்பது என் எண்ணம்.

உண்மை யாருக்குமே தெரியாது என்றும் சொல்ல முடியாது. கேடிகளுக்குத் தெரியும். பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கும் அவர்களுக்கு ஒவ்வொரு உறுப்பினரின் நிஜ ஹேண்டிகேப்பும் அத்துப்படி. ‘சார், அவர் இன்னிக்கு இழுத்துப் புடிச்சு ஆடறாரு’ என்று ஒரு கேடி தணிந்த குரலில் என்னிடம் சொல்லியிருக்கிறார். பந்தயத் திடலின் அதே பேச்சு. ஆனால் அவர் அதை வேறு யாரிடம் சொல்ல முடியும்? அன்றைய கூலி அந்த உறுப்பினரின் கையில் இருக்கிறது. புதருக்குள் போன பந்தைக் காலால் தள்ளி வெளியே வைக்கவும் சில முதலாளிகள் அவர்களைத்தான் பழக்குகிறார்கள். தங்கள் பொய்க்கு வறுமையில் இருப்பவரைத் துணையாக்குவது, பொய்யைவிட இழிவான செயல்.

பேச வேண்டியவர்கள் நாம். உடன் ஆடுகிறவர்கள். கோல்ஃபில் நேர்மை என்றதும் எல்லாரும் பாபி ஜோன்ஸின் கதையைச் சொல்வார்கள். 1925 யு.எஸ். ஓப்பனில், வேறு யாரும் பார்க்காதபோது பந்து லேசாக அசைந்ததாகச் சொல்லித் தனக்குத் தானே ஒரு ஸ்ட்ரோக் அபராதம் போட்டுக்கொண்டார் அந்த அமெச்சூர். முடிவில் இருவர் சமமாக நிற்க, பிளே-ஆஃபில் வில்லி மெக்ஃபர்லேனிடம் தோற்றார். உயர்ந்த செயல்தான். ஆனால் அந்தக் கதையை நாம் சொல்கிற விதத்தில் எனக்கு உடன்பாடில்லை. நேர்மை என்பது ஒரு பெரிய மனிதர் தன்னந்தனியாகத் தன் மனத்துக்குள் செய்து முடிக்கும் காரியம் என்று அது நம்மை நினைக்க வைத்துவிடுகிறது. ஹேண்டிகேப் முறையை வகுத்தவர்கள் எல்லாரும் ஜோன்ஸ் ஆக மாட்டார்கள் என்று அறிந்தவர்கள். அதனால்தான் மார்க்கர் என்று ஒருவரை வைத்து, அவருடைய கையெழுத்தையும் கேட்டார்கள். உடன் ஆடுகிறவர்கள் ஒருவர் ஸ்கோரை ஒருவர் சரிபார்ப்பதை முறையின் அஸ்திவாரமாக வைத்தார்கள்.

அந்த அஸ்திவாரத்தை நம் ஊரில் அரிப்பது முகதாட்சண்யம். ஏழா எட்டா என்று சந்தேகம் வந்தாலும் கேட்க மாட்டோம். அவர் நம்மைவிட மூத்தவர், நம் கம்பெனிக்கு ஆர்டர் கொடுப்பவர், நேற்றுதான் அவர் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டோம். எதற்கு வம்பு என்று கையெழுத்தைப் போட்டுவிடுகிறோம். இதை மரியாதை என்று எண்ணிக்கொள்கிறோம். எதிரில் நிற்கும் ஒருவரின் முகம் வாடக் கூடாது என்பதற்காக, எதிரில் இல்லாத நாற்பது பேருக்குச் சேர வேண்டியதை எடுத்துக் கொடுக்கிறோம். அதைத் தானம் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை கிடையாது.

கேட்பதற்குச் சண்டை வேண்டியதில்லை. குழி முடிந்த உடனேயே, அடுத்த டீக்கு நடக்கும்போதே, ‘சார், எனக்கு ஏழுன்னு கணக்கு வருது, உங்களுக்கு?’ என்று கேட்டுவிடலாம். கேட்கப் பழகிய குழுக்களில் யாரும் மனம் நோகவில்லை என்பதைப் பார்த்திருக்கிறேன். தவறி எண்ணியவர் திருத்திக்கொள்கிறார், வேண்டுமென்றே எண்ணியவர் அடுத்த குழியில் கவனமாக இருக்கிறார். இந்த வாரம் யாருக்காவது மார்க்கராகப் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: ஒவ்வொரு குழியிலும் எண்ணுங்கள், சந்தேகம் வந்தால் அங்கேயே கேளுங்கள், கார்டை முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.