பன்னிருவரில் ஒரு பிலிப்பு, எழுவரில் ஒரு பிலிப்பு

ஆதிச் சபையில் யாக்கோபு, யோவான், யூதா, மரியாள் ஆகிய பெயர்களைப் பலர் தாங்கியிருந்தமையால், ஒருவருடைய செயல் மற்றொருவர் மேல் ஏற்றப்படுவது பண்டைக் காலத்திலேயே நிகழ்ந்தது. அவ்வகை மயக்கங்களுள் ஆழ்ந்து தியானிக்கத்தக்கது, பிலிப்பு என்னும் பெயருடைய இருவரைப் பற்றியதாகும்.

முதலாமவர் பெத்சாயிதா ஊரினர். இயேசு தெரிந்துகொண்ட பன்னிரு சீடருள், அதாவது அப்போஸ்தலருள், ஒருவர். ஏனைய மூன்று சுவிசேஷங்களில் வெறும் பெயராக மட்டும் நிற்கும் இவர், யோவான் எழுதியதில்தான் பேசுகிறார். திரளான மக்களுக்கு உணவளிக்க வேண்டிய வேளையில் 200 வெள்ளிக்காசுக்கு அப்பம் வாங்கினாலும் போதாது என்று கணக்குப் பார்ப்பவரும், இயேசுவைக் காண விரும்பிய கிரேக்கர் தம்மிடம் வந்தபோது தாமாக முடிவெடுக்காமல் அந்திரேயாவிடம் சென்று சொல்பவரும், இறுதி இரவில் பிதாவைக் காட்டும்படி வேண்டுபவரும் இவரே. நிதானமும் தயக்கமும் கலந்த உள்ளம் இவருடையது.

இரண்டாமவர் அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தில் தோன்றுகிறார். எருசலேம் சபையில் கிரேக்கமொழி பேசிய யூத விதவைகள் அன்றாட உணவுப் பங்கீட்டில் புறக்கணிக்கப்பட்டதாக முறையீடு எழுந்தபோது, பன்னிருவர் வேத போதனையைத் தாங்கள் வைத்துக்கொண்டு, பந்தி விசாரிக்கும் வேலைக்கு எழுவரை நியமித்தனர். அவர்களுள் ஸ்தேவானுக்கு அடுத்து நிற்பது பிலிப்புவின் பெயர். பந்திக்கென வைக்கப்பட்ட இவரே, துன்புறுத்தலால் சிதறியபின் யூதர் உறவு கொள்ளாத சமாரியாவில் கிறிஸ்துவை அறிவித்தார்; எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகும் பாதையில் எத்தியோப்பிய அரசியின் கருவூல அதிகாரியின் இரதத்தை ஓடிச்சென்று எட்டிப்பிடித்து, ஏசாயாவின் நூலை விளக்கி, வழியிலேயே ஞானஸ்நானம் கொடுத்தார். அந்நியர் தேடி வந்தபோதும் தயங்கிய பிலிப்பு ஒருவர், அந்நியரைத் தேடி ஓடிய பிலிப்பு மற்றொருவர். இவ்விருவரையும் ஒருவராக்கினால் இருவர் பெற்ற அருளும் மங்கிப்போகும்.

இருவரும் வெவ்வேறானவர் என்பதற்கு நடபடிகள் நூலின் 8-ஆம் அதிகாரமே சான்று பகர்கிறது. அப்போஸ்தலர் தவிர மற்ற யாவரும் எருசலேமை விட்டுச் சிதறினர் என்று அந்நூலை எழுதிய லூக்கா முதலில் கூறிவிடுகிறார். ஆகவே சமாரியாவுக்குப் போனவர் பன்னிருவருள் ஒருவராக இருக்க இயலாது. மேலும், அங்கே விசுவாசித்தவர்கள் மேல் கைகளை வைத்து அவர்கள் பரிசுத்த ஆவியைப் பெறச் செய்வதற்குப் பேதுருவும் யோவானும் அனுப்பப்படுகின்றனர். பிலிப்பு அப்போஸ்தலராயிருந்தால் அப்பயணத்துக்குத் தேவையே இராது. பிற்பாடு பவுல் செசரியாவில் அவருடைய வீட்டில் தங்கும்போது, அவரைச் சுவிசேஷகர் என்றும் எழுவருள் ஒருவர் என்றும் லூக்கா தெளிவாகக் குறிப்பதோடு, தீர்க்கதரிசனம் உரைத்த கன்னியரான நான்கு குமாரத்திகள் அவருக்கு இருந்ததையும் சேர்த்துச் சொல்கிறார்.

அந்தக் குமாரத்திகளிடமிருந்தே பின்வந்த குழப்பம் கிளைத்தது. 2-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எபேசுவின் கண்காணியாகிய பொலிக்கிராத்தேஸ், ரோமையின் கண்காணி விக்டருக்கு எழுதிய மடலில், பன்னிருவருள் ஒருவராகிய பிலிப்பு எராப்போலியில், அதாவது இன்றைய துருக்கியின் பமுக்கலே அருகே, கன்னியராகவே முதுமையடைந்த இரு குமாரத்திகளோடு அடக்கம் செய்யப்பட்டிருப்பதாகவும், இன்னொரு குமாரத்தி எபேசுவில் இளைப்பாறுவதாகவும் குறித்தார். ஏறக்குறைய அதே காலத்துப் புரொக்லுஸ் என்பவரோ, தீர்க்கதரிசனம் உரைத்த நால்வரும் தந்தையும் எராப்போலியிலேயே அடங்கியதாகச் சொல்கிறார். 4-ஆம் நூற்றாண்டில் திருச்சபை வரலாறு எழுதிய யூசேபியு இவ்விரண்டையும் லூக்காவின் செய்தியோடு அடுத்தடுத்து வைத்து, இரு பிலிப்புகளையும் ஒருவராகவே கொண்டார். எழுவருள் ஒருவரான பிலிப்பு வாழ்ந்த அதே செசரியாவுக்குக் கண்காணியாயிருந்தவர் இப்படி எழுதியது வியப்புக்குரியது.

எராப்போலியில் அடங்கியவர் எந்தப் பிலிப்பு என்பதில் அறிஞர் இன்றும் ஒன்றுபடவில்லை. எனினும் வழிபாட்டு நாட்காட்டி இருவரையும் கலக்கவில்லை: கீழைத் திருச்சபையின் பைசாந்திய மரபு அப்போஸ்தலரை நவம்பர் 14-லும், எழுவருள் ஒருவரை அக்டோபர் 11-லும் தனித்தனியே நினைவுகூர்கிறது.